நினைவக முடுக்கமும் அளவறிதலும்

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் ஒன்றை நன்கறிவர்: உளி பட்டையில் மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும், அளவு மீறி இறங்கினால் மரம் காயப்படும். வீட்டில் நாமே பொருத்தும் கணினியின் நினைவகத்தை முடுக்குவதும் அத்தகையதே.

டிடிஆர்4 நினைவகம் பல கணினிகளில் தொடக்கத்தில் 1.2 வோல்ட்டில், நொடிக்கு 2133 மில்லியன் பரிமாற்றங்களுடன் இயங்கும். அதற்கென விற்கப்படும் நினைவகத்தில் 'எக்ஸ்.எம்.பி.' அமைப்பை இயக்கினால், 1.35 வோல்ட்டில் 3200ஐ எட்டலாம். ஆயினும் வேக எண் மட்டும் போதாது. காத்திருப்பையும் கணக்கிடல் வேண்டும். ஒரு துடிப்புக்கு இரு பரிமாற்றங்கள் நிகழ்வதால், 3200இன் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்சு. அதில் 16 துடிப்புக் காத்திருப்பு 10 நானோநொடி. 22 துடிப்பாயின் 13.75. பழைய 2133இல் 15 துடிப்பு ஏறத்தாழ 14. ஆகவே, வேகம் கூடியும் காத்திருப்பு குறையாதிருக்கக்கூடும்.

ஈப்போவில் குறைகடத்திச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் தொழிற்சாலைகள் உள்ளன. சோதனையே சில்லுக்குச் சான்று. நாமும் ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் 'மெம்டெஸ்ட்86+' கொண்டு பல மணி நேரம் சோதித்தல் வேண்டும். ஒரே ஒரு பிட் பிறழ்ந்தாலும், மாணவரின் ஆய்வேடு எச்சரிக்கையின்றிச் சிதைந்து சேமிக்கப்படலாம். ஒரு பிழையேனும் தோன்றின், வேகத்தைக் குறைப்பதே அறிவுடைமை.