அரை மில்லிமீட்டர் பிளம்பிங்!

உங்க மைக்ரோடிப் பென்சிலை எடுங்க. 0.5 லெட்டை ஒரு க்ளிக் வெளியே தள்ளுங்க. கிட்டத்தட்ட அந்தத் தடிமனில் ஒரு ரத்தக்குழாய். அதை வெட்டி, நடுவில் இன்னொரு குழாயை வைத்து, ரத்தம் ஒழுகாமல் இணைக்கணும். முடியுமா பாஸ்? ஆராய்ச்சிக்கூடத்தில் 25 கிராம் சுண்டெலியின் கழுத்தில் இதைத்தான் செய்கிறார்கள்!

'எலிக்கு எதுக்குப்பா பைபாஸ்?'னு சிரிக்காதீங்க. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலோ, விழுப்புரம் ஜங்ஷனிலோ, கையில் ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்திருக்கும் ஒருத்தரை நீங்க பார்த்திருக்கலாம். டயாலிசிஸுக்காக ஒரு தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து சேர்த்த கை அது. தொட்டால் 'ஜிர்ர்ர்' என்று அதிரும். பிரெசியா, சிமினோ என்ற அமெரிக்க டாக்டர்கள் தங்கள் குழுவோடு 1966-ல் வெளியிட்ட முறை. அந்த அதிர்வு நின்றுபோனால், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வழியே அடைபட்டதாக அர்த்தம்.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் இதே பயம்தான். காலிலிருந்து எடுத்து இதயத்தில் பொருத்தும் சிரைகளில் ஏறக்குறைய பாதி, 10 வருஷத்துக்குள் அடைத்துக்கொள்கின்றன அல்லது மோசமாகச் சுருங்கிவிடுகின்றன. ஏன்? மேட்டரே அங்கேதான் இருக்கு.

தின் சிலிண்டர் ஞாபகம் இருக்கா?

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகிற தமனி ஒரு ஹை பிரஷர் லைன். திரும்பக் கொண்டுவருகிற சிரை, லோ பிரஷர் லைன். தமனியில் அழுத்தம் 120/80 என்றால், படுத்திருக்கும்போது சிரையில் சுமார் 10-தான்.

எக்ஸாமுக்காக நாம மனப்பாடம் பண்ணின ஹூப் ஸ்ட்ரெஸ் ஃபார்முலாவை இங்கே போடுங்க. அழுத்தம் பெருக்கல் ஆரம், வகுத்தல் சுவரின் தடிமன். சிரையைக் கொண்டுபோய் தமனி இருந்த இடத்தில் வைத்தால் அழுத்தம் எகிறுது. சுவரோ மெல்லிசு. ஸ்ட்ரெஸ் தாறுமாறா ஏறும். இரும்புக் குழாயாக இருந்தால் வெடிக்கும். ஆனால் இது உயிருள்ள குழாய். தன் சுவரைத் தானே தடிமனாக்கிச் சமாளிக்கிறது. சூப்பர் டிசைன்தான், ஆனா ஒரு சிக்கல். பல சமயம் இந்த வளர்ச்சி நிற்கிற இடத்தில் நிற்காமல், உள்பக்கமாகவே வளர்ந்து வழியை அடைத்துவிடுகிறது. எடுத்துப் பொருத்தும்போது பட்ட காயமும், அங்கே வந்து குவியும் வெள்ளணுக்களும் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகின்றன.

இதை மனிதரில் நேரடியாகப் பார்ப்பது எப்படி? பொருத்திய சிரையை வாராவாரம் வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைக்க முடியுமா என்ன? அங்கேதான் சுண்டெலி வருகிறது. ஒரே ஒரு ஜீனை மட்டும் நீக்கிய எலியை உருவாக்க முடியும். அதற்கு வழி காட்டிய மூன்று பேருக்கு 2007-ல் நோபல் பரிசு. 'இந்த ஜீன் இல்லாவிட்டால் சுவர் தடிக்குமா, தடிக்காதா?' என்று நேராகவே கேட்டுப் பார்க்கலாம்.

எம்ப்ராய்டரி டு பம்புசெட்

குழாயைத் தைக்கிற கலைக்கே ஒரு கதை உண்டு. 1894-ல் பிரான்ஸின் லியான் நகரில் ஜனாதிபதி சாடி கார்னோவைக் கத்தியால் குத்திவிட்டார்கள். அறுந்த பெரிய சிரையைத் தைக்க வழி தெரியாமல் அவர் இறந்துபோனார். 'ஏன் தைக்க முடியாது?' என்று கொதித்தவர் அலெக்ஸிஸ் காரெல். அப்போது அவருக்குச் சில நாளில் 21 வயசு ஆகப்போகிறது. நம்ம செட்! அந்த ஊர் எம்ப்ராய்டரி பெண்மணி ஒருவரிடம் போய் நுண்ணிய தையல் கற்றுக்கொண்டார். வட்டமான குழாய் விளிம்பில் சம தூரத்தில் மூன்று தையல் போட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகும். அப்புறம் நேர்க்கோட்டில் தைத்துக்கொண்டே போகலாம். எதிர்ச்சுவரை ஊசி குத்தாது. 1902-ல் வெளியான இந்த யோசனைக்கும், உறுப்பு மாற்று வேலைகளுக்கும் சேர்த்து 1912-ல் நோபல் கிடைத்தது.

சுண்டெலியிலும் தைக்கலாம். நூல் தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துத்தான் வேலை. அங்கே விரல் லேசாக நடுங்கினாலே பூகம்பம் மாதிரி தெரியும். நேரம் ஆக ஆக ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும்.

'தைக்காமலே இணைத்தால் என்ன?' என்று 1998-ல் ஒரு வழி காட்டியது, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருந்த சிங்போ ஷூவின் குழு. நம்மூர் பம்புசெட்டில் குழாய் முனைமேல் ஓஸை ஏற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டுவாங்களே, அதே டெக்னிக்! மயக்கத்தில் இருக்கும் எலியின் கழுத்துத் தமனியை வெட்டி, இரண்டு முனைகளையும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டிப் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் நுழைக்க வேண்டும். வெளியே வரும் விளிம்பை, சட்டைக் கையை மடித்துவிடுவது போல வெளிப்பக்கம் மடித்துக் கட்ட வேண்டும். இன்னொரு எலியிடமிருந்து எடுத்த சிரையை அதன்மேல் இரண்டு பக்கமும் ஏற்றி, பட்டுநூலால் முடிச்சு. அவ்வளவுதான்! ரத்தம் ஓடும் உள்பாதையில் தையலும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை.

சில வாரங்களிலேயே அந்தச் சிரையின் சுவர் பல மடங்கு தடித்தது. மனிதரில் வருஷக்கணக்கில் நடக்கும் கூத்து, எலியில் வாரக்கணக்கில்! பிறகு, அடையாளம் வைத்த எலிகளில் பார்த்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. அடைக்கிற தசைச் செல்கள் பொருத்திய சிரையிலிருந்து மட்டுமல்ல, பெற்றுக்கொண்ட உடம்பிலிருந்தும் வருகின்றன. அப்படியானால் மருந்தைச் சிரையில் மட்டும் தடவினால் போதாது.

எலி பாவம் இல்லையா?

பாவம்தான். சோதனை முடிவில் அது உயிரோடு இருப்பதில்லை. அதனால்தான் 1959-லேயே ரஸ்ஸலும் பர்ச்சும் மூன்று விதி சொன்னார்கள். முடிந்தால் வேறு வழி, இல்லாவிட்டால் குறைந்த எண்ணிக்கை, குறைந்த வலி. நம் நாட்டிலும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு சம்மதிக்காமல் இதில் கைவைக்க முடியாது. தையல் பழக முதலில் ரப்பர் கிளவுஸ், சிலிக்கான் குழாய், கறிக்கடைக் கோழித்தொடையில் இருக்கும் ரத்தக்குழாய். எலியெல்லாம் அப்புறம்தான்.

எலி சொல்வதெல்லாம் வேதவாக்கும் இல்லை. அதன் குழாய்ச் சுவர் நம்முடையதைவிட ரொம்ப மெல்லிசு, ஆயுளும் ரெண்டு மூணு வருஷம்தான். எலியில் ஜெயித்த மருந்து மனிதரில் தோற்பது சகஜம்.

இதில் நமக்கு என்ன வேலை? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழக இன்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கு. குழாய்ச் சுவர் எவ்வளவு ஸ்ட்ரெஸ்ஸில் எவ்வளவு வளரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால், பலியாகும் எலிகளின் எண்ணிக்கை குறையும். அந்தக் கணக்கு டாக்டருக்கு மட்டும் சொந்தமில்லை.

அடுத்த தடவை தின் சிலிண்டர் சம் வந்தால், சாய்ஸில் விட்டுடாதீங்க மக்கா. யாரோ ஒருத்தர் கையில் அந்த 'ஜிர்ர்ர்' நிற்காமல் இருக்க, விடை நம்ம பக்கத்திலிருந்தும் வரலாம்!