பட்டையில் இருந்த மருந்து

இலக்கியம் பேசும் இந்த நிகழ்வில் இன்று ஒரு மருந்தைப் பற்றிப் பேசுகிறேன். அதன் பெயர் டாக்ஸால். மருத்துவமனையில் பாக்ளிடாக்சல் என்போம். சினைப்பை, மார்பகப் புற்றுநோய்களுக்கு இதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறோம். ஒரு தடவைக்குச் சில நூறு மில்லிகிராம்தான்.

அமெரிக்காவின் மேற்கில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தவர்கள் மன்றோ வாலும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும். 1971இல் இதன் அமைப்பை வெளியிட்டார்கள். ஆனால் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். யூ மெதுவாக வளரும் மரம். ஒரு நோயாளிக்கே பல மரங்கள் வேண்டும். நோயாளியைக் காப்பதா, காட்டைக் காப்பதா?

ஆய்வகத்திலேயே செய்யலாமே என்று தோன்றும். இந்த மூலக்கூறில் 47 கார்பன் அணுக்கள். அதில் 11 இடங்களில் வலது, இடது என்ற வேறுபாடு உண்டு. அறுவைக் கையுறை கை மாறினால் சரியாகப் பொருந்தாது அல்லவா, அதுபோல. ஏட்டுக் கணக்கில் 2,048 வடிவங்கள் வரலாம். மருந்து அதில் ஒன்றுதான். மேலும், ஒவ்வொரு படியிலும் 80 விழுக்காடு கிடைத்தால்கூட, 40 படிகள் தாண்டும்போது 10,000 பங்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும்.

இருந்தும் 1994இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹோல்டன் குழுவும், ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் நிக்கோலாவ் குழுவும் இதை முழுமையாகச் செய்து காட்டின. பெரிய சாதனை. ஆனால் நோயாளிக்கு மருந்து வந்து சேர்ந்தது வேறு வழியில்.

பிரான்சில் பியர் போத்தியே குழு, ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் டாக்ஸாலின் உடல்பகுதி ஏறக்குறைய முழுதாகவே இருப்பதைக் கண்டது. இலை மறுபடி துளிர்க்கும், மரம் சாகாது. வால்பகுதியை மட்டும் ஆய்வகத்தில் செய்து ஒட்டினால் போதும். அதற்கு ஹோல்டன் குழு கண்ட நல்ல முறை தொழிற்சாலைக்குப் போனது. வாலைச் சற்று மாற்றி ஒட்டியதில் பிரான்சில் டோசிடாக்சல் என்ற இன்னொரு மருந்தும் பிறந்தது.

கடினமான பாதியை மரம் செய்கிறது. மரத்தைக் கொல்லாமல் மீதியை மனிதர்கள் முடிக்கிறார்கள். எல்லாவற்றையும் நாமே செய்தால்தான் வெற்றி என்பதில்லை. படுக்கையில் காத்திருப்பவருக்கு மருந்து நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.