பால்மரம் கற்றுத்தரும் வேதியியல்

பொழுது புலர்வதற்கு முன்பே பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ரப்பர் காட்டுக்குள் நடந்தவர்கள் நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுள் பலர் தமிழர்கள். கூரிய உளியால் மரப்பட்டையைச் சாய்வாகச் சீவி, வழிந்த பாலை மங்கில் பிடித்தார்கள். பின்னர் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு நிறுவைக்கு விரைந்தார்கள். தாமதமானால் பால் திரிந்து கட்டியாகிவிடும். கட்டிப்பாலுக்கு விலை குறைவு. மழை பெய்துவிட்டாலோ அன்றைய உழைப்பே வீண். ஒரு குடும்பத்தின் வருமானம் அந்த வெள்ளைத் திரவத்தின் பண்புகளைச் சார்ந்திருந்தது. அந்தப் பண்புகளை நமக்கு விளக்குவது வேதியியல்.

நிறை கொண்டதும் இடத்தை அடைத்துக்கொள்வதுமான எதுவும் பருப்பொருளே. கல், நீர், காற்று, நம் உடல் ஆகிய அனைத்தும் பருப்பொருள்களே. இவற்றைத் தூய பொருள்கள், கலவைகள் என இரண்டாகப் பிரிக்கலாம். தூய பொருள்களிலும் இருவகை உண்டு. ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதி முறையில் பிணைந்து உருவாவது சேர்மம்.

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஈயத் தொழிலைப் பார்த்தால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அங்குத் தோண்டி எடுத்த மண், மணலும் தாதுவும் சேர்ந்த கலவை. தாது மணலைவிடக் கனமானது. ஆகவே, தண்ணீரில் அலசியே அதைப் பிரித்துவிட்டார்கள். ஆனால், அந்தத் தாது வெள்ளீயமும் ஆக்ஸிஜனும் பிணைந்த சேர்மம். எவ்வளவு அலசினாலும் அவை பிரியமாட்டா. உலையில் கரியுடன் சேர்த்துச் சூடேற்றிய பிறகுதான் வெள்ளீயம் என்னும் தனிமம் கிடைத்தது. கலவையைப் பிரிக்க அதிலுள்ள பொருள்களின் இயற்பியல் பண்புகளே போதும். சேர்மத்தைப் பிரிக்க வேதி மாற்றம் தேவை.

அப்படியானால், ரப்பர்ப் பால் எந்த வகையைச் சேர்ந்தது? பார்வைக்கு அது ஒரே பொருளாகத் தோன்றினாலும் உண்மையில் ஒரு கலவையே. அதில் பாதிக்கு மேல் நீர். நூற்றில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்கு வரை ரப்பர். எஞ்சியவை புரதம், சர்க்கரை, பிசின், தாது உப்புகள் போன்றவை. ரப்பர், கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்து நீண்ட சங்கிலிகளாக அமைந்த பொருள்.

சேர்மத்தில் தனிமங்களின் விகிதம் மாறாது. எந்த ஆற்றில் அள்ளினாலும் நீரின் மூலக்கூறு ஒன்றில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும்தான் இருக்கும். கலவைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மரத்தின் வகை, வயது, பருவம் ஆகியவற்றிற்கு ஏற்பப் பாலிலுள்ள ரப்பரின் அளவு மாறும். எடுத்துக்காட்டாக, இரண்டு வாளிகளில் தலா 20 கிலோகிராம் பால் இருப்பதாகக் கொள்வோம். முதல் வாளியில் நூற்றுக்கு 40 பங்கு ரப்பர் என்றால், அதில் 8 கிலோகிராம் ரப்பர் கிடைக்கும். இரண்டாவதில் நூற்றுக்கு 30 பங்கு என்றால், 6 கிலோகிராம்தான் கிடைக்கும். வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கூலி கொடுத்தால், யாராவது ஒருவருக்கு அநீதி நேரும்.

இதற்குத் தீர்வு தந்ததும் ஒரு பண்புதான். ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறை ஏறக்குறைய 1 கிராம். அதே அளவு ரப்பரின் நிறை ஏறக்குறைய 0.92 கிராம். எனவே, ரப்பர் மிகுந்த பால் அடர்த்தி குறைந்ததாக இருக்கும். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அத்தகைய பாலில் இட்டால் சற்று ஆழமாக அமிழும். நீர் மிகுந்த பாலில் மேலே நிற்கும். அதிலுள்ள கோடுகளைக் கொண்டு ரப்பரின் அளவை மதிப்பிடலாம். இன்னும் துல்லியமாக அறிய வேண்டுமானால், சிறிதளவு பாலை அமிலம் சேர்த்து உறையவைத்து, உலர்த்தி, எடை பார்க்க வேண்டும்.

பால் ஏன் திரிகிறது? உப்பு நீரில் கரைந்துவிடும். ரப்பர் அப்படிக் கரைவதில்லை. மிக நுண்ணிய துகள்களாக நீரெங்கும் பரவி நிற்கிறது. இத்தகைய கலவையைக் கூழ்மம் என்பர். நாம் அன்றாடம் அருந்தும் பசும்பாலும் ஒரு கூழ்மமே. ஒரு குவளை நீரில் சில துளி பசும்பாலை விட்டு, இருட்டில் கைவிளக்கைப் பாய்ச்சிப் பாருங்கள். ஒளி செல்லும் பாதை தெளிவாகத் தெரியும். உப்பு நீரில் அது தெரியாது. துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதே இதற்குக் காரணம்.

ரப்பர்த் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உள்ளது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் விலகி நிற்கின்றன. மரத்திலிருந்து வெளியேறிய பாலில் பாக்டீரியாக்கள் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன; பால் கட்டியாகிறது. வெயில் ஏற ஏற இது விரைவாக நடக்கும். பாலில் அம்மோனியாவைச் சேர்த்தால் பாக்டீரியாக்கள் கட்டுப்படும், அமிலத்தன்மையும் குறையும். பால் நெடுநேரம் திரவமாகவே இருக்கும்.

விடியுமுன் மரம் சீவியதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைகள் வழியாக வெளியேறும் நீர் குறைவு. அதனால் அதிகாலையில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்து, பால் நன்றாக வழியும். வெயில் ஏறியதும் அந்த அழுத்தம் குறைந்துவிடும். மழை நாளிலோ பால் சீவிய கோட்டை விட்டு ஈரப்பட்டையில் பரவி ஓடும். மங்கில் விழும் பாலையும் மழைநீர் நிரப்பி வழியச் செய்துவிடும்.

ஆலையில் இதே பண்புகள் மனிதனுக்குத் துணையாகின்றன. பாலில் ஃபார்மிக் அமிலத்தைச் சேர்த்து உறையவைத்து, உருளைகளில் அழுத்தி நீரைப் பிழிந்து, புகையில் உலர்த்தினால் ரப்பர்த் தகடு தயாராகிவிடும். அம்மோனியா சேர்த்த பாலை வேகமாகச் சுழற்றினால், அடர்த்தி வேறுபாட்டால் நீரின் ஒரு பகுதி பிரியும். இவ்வாறு நூற்றுக்கு 60 பங்கு வரை ரப்பர் கொண்டதாகச் செறிவூட்டிய பாலிலிருந்து மருத்துவக் கையுறைகள் செய்யப்படுகின்றன.

பச்சை ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும். 1839ஆம் ஆண்டு அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் என்னும் தனிமத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்குவதைக் கண்டறிந்தார். கந்தக அணுக்கள் ரப்பர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. இது வேதி மாற்றம். நம் வாகனச் சக்கரங்கள் உறுதியாக இருப்பது இதனால்தான். தேய்ந்துபோன டயரை நெகிழிப் புட்டிபோல உருக்கிப் புதிய டயராக வார்க்க முடியாததற்கும் இதுவே காரணம். அதனால், பழைய டயர்கள் குவிவது இன்று பெரிய சுற்றுச்சூழல் சிக்கலாகியுள்ளது.

மரம் சீவிய பலருக்குக் கூழ்மம், மின்னூட்டம் போன்ற சொற்கள் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும், பால் எப்போது வழியும், எப்போது திரியும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அந்த அறிவுக்குக் காரணங்களைக் காட்டுகிறது அறிவியல். இனி ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, இது தூய பொருளா, கலவையா, இதிலுள்ளவற்றைப் பிரிக்க எந்தப் பண்பு உதவும் என்று கேட்டுப் பாருங்கள். வேதியியல் கல்வி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.