சட்டைப் பையில் வைத்த செல்வம்

உருவமா, உள்ளடக்கமா என்று நம் இலக்கிய வட்டங்களில் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறோம். அவ்வாதத்தில் எனக்கொரு பாடம் புகட்டியது ஓர் இணையத்தளம் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும்.

எங்கள் வாசகர் வட்டத்தின் தளம் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இயங்குவது. 2005ஆம் ஆண்டு வெளிவந்த அதன் 1.5ஆம் பதிப்பிலேதான், தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்புருவைத் தனித் தொகுதியாக நிறுவவும் மாற்றவும் வழி பிறந்தது. வார்ப்புரு, தளம் அணியும் சட்டை. கட்டுரைகளோ தரவுத்தளத்தில் உறைவன. சட்டையை எத்தனை முறை மாற்றினும் அவை அழிவதில்லை.

இவ்வேறுபாட்டை மறந்து, மறைந்த எம் ஆசிரியருக்கு எழுதிய அஞ்சலி வரிகளை வார்ப்புருவின் அடிப்பகுதிக் கோப்பிலேயே பொறித்துவிட்டேன். ஒருநாள் அவ்வார்ப்புருவின் புதிய பதிப்பை நிறுவினேன். பழைய கோப்புகள் நீங்கின. அவ்வரிகளும் உடன் போயின. பிரதி என்னிடம் இல்லை.

பிழை மென்பொருளினதன்று, என்னுடையதே. தோற்றத்திற் செய்யும் திருத்தங்களைச் சேய் வார்ப்புரு எனும் தனிக் கோப்புறையில் இட்டால், தாய் வார்ப்புரு புதுக்கப்பட்டாலும் அவை நிலைக்கும். அஞ்சலியையோ ஒரு பக்கமாக எழுதித் தரவுத்தளத்திற் சேர்த்திருத்தல் வேண்டும்.

நினைவில் எஞ்சியதைத் திரட்டி இப்பொழுது அவ்வாறே செய்துள்ளேன். ஆயினும், அன்று எழுதிய வரிகள் இவையல்ல.