செவிலியப் படிப்பு: சேர்வதற்கு முன் போட வேண்டிய கணக்கு

எங்கள் சிறுநீரகவியல் பிரிவுக்கு டயாலிசிஸ் சிகிச்சைக்காக வருவோர், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் செவிலியர்களின் கண்காணிப்பிலேயே இருக்கின்றனர். இரத்த அழுத்தம் இறங்கும்போது முதலில் ஓடி வருபவரும், முகத்தைப் பார்த்தே தலைசுற்றலை அறிந்துகொள்பவரும் செவிலியரே. இதனை வாரந்தோறும் அருகிலிருந்து காணும் குடும்பத்தினர் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் பெண்ணையும் நர்சிங் படிக்க வைக்கலாமா, டாக்டர்? போட்ட பணம் திரும்ப வருமா?"

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் நோயாளி ஒருவரின் கணவர், சிகிச்சைக்காக அடகு வைத்தது போக எஞ்சிய நகையை விற்று, மகளை ஒரு தனியார் நிறுவனத்தின் ஓராண்டு 'நர்சிங்' படிப்பில் சேர்த்தார். படிப்பை முடித்த அப்பெண் எங்கள் மருத்துவமனையில் செவிலியர் பணிக்கு விண்ணப்பித்தபோது, பதிவெண் கேட்கப்பட்டது. அவரிடம் அது இல்லை. அந்தப் படிப்பைக் கொண்டு அதனைப் பெறவும் இயலாது. பணம் கட்டுவதற்கு முன் அவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று வருந்தினோம். ஆனால் அப்படிக் கேட்கலாம் என்று நாங்களும் எவரிடமும் சொல்லி வைத்திருக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் பதிவு, பிறகு கட்டணம்

செவிலியராகப் பணியாற்றும் தகுதியைத் தரும் அடிப்படைப் படிப்புகள் மூன்று. ஏ.என்.எம். என்னும் துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டுகள். இது பெண்களுக்கு மட்டும் உரியது. ஜி.என்.எம். என்னும் பட்டயப் படிப்பு 3 ஆண்டுகள். பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு 4 ஆண்டுகள். இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைப் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். முடித்தவர் பின்னர் 2 ஆண்டுகள் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம்.

இவற்றை முடித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொள்கின்றனர். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுமம் இது. ஆறு மாதம், ஓராண்டு என்று நடத்தப்படும் நர்சிங் உதவியாளர் பயிற்சிகளுக்கு இப்பதிவு கிடைக்காது. உதவியாளர் பணி தாழ்ந்ததன்று. அவர்கள் இன்றி எங்கள் வார்டுகள் இயங்கமாட்டா. ஆயினும் உதவியாளர் ஊதியத்துக்கான படிப்புக்குச் செவிலியர் படிப்பின் கட்டணத்தைச் செலுத்துவது பெரும் இழப்பு. ஆகவே, விளம்பரத்தில் உள்ள படிப்பின் பெயரை நம்பாமல், இந்திய நர்சிங் கவுன்சில், மாநிலக் குழுமம் ஆகியவற்றின் பட்டியல்களில் அக்கல்லூரியின் பெயர் நடப்புக் கல்வியாண்டுக்கு உள்ளதா என்று பாருங்கள். பட்டப்படிப்பாயின், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு உள்ளதா என்றும் பாருங்கள்.

நோயாளிகள் இருக்கின்றனரா?

செவிலியம் வகுப்பறையில் மட்டும் கற்கக்கூடிய கல்வியன்று. ஒரு மாணவிக்கு 3 நோயாளிகள் என்னும் விகிதம் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள நெறி. கட்டடம் அழகாக இருந்தும், பயிற்சி மருத்துவமனையின் படுக்கைகள் காலியாக இருந்தால், அங்கே படித்தவர் முதல் வேலையில் திணறுவார் என்பதை நாங்கள் நேரில் காண்கின்றோம். கல்லூரியைப் பார்க்கச் செல்லும் நாளில், அதன் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலும் வார்டுகளிலும் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடம், இதுவரை எத்தனை பிரசவங்களைப் பார்த்தார், தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை வாரம் இருந்தார் என்று கேளுங்கள்.

முழுச் செலவையும் எழுதுங்கள்

பெற்றோர் பெரும்பாலும் ஆண்டுக் கட்டணத்தை மட்டுமே கேட்டு வருகின்றனர். விடுதி, உணவு, சீருடை, நூல்கள், தேர்வுக் கட்டணம், பயிற்சிக்குச் சென்றுவரும் பேருந்துச் செலவு, இறுதியில் பதிவுக் கட்டணம் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, படிப்புக் காலம் முழுமைக்கும் கூட்டுங்கள். அரசு மருத்துவமனைகளோடு இணைந்த செவிலியர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டணம் மிகக் குறைவு. தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உள்ளன. ஆகவே, கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்காமல் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டா. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு, 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

கடனும் முதல் ஊதியமும்

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, 4 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்த பின்னரே தவணை தொடங்கும். ஆனால் அக்காலத்திலும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 4 ஆண்டுப் படிப்புக்கு ஆண்டுதோறும் 1 இலட்சம் வீதம் 10 சதவீத வட்டியில் கடன் பெறுவதாகக் கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் தனிவட்டி மட்டும் 1.4 இலட்சம் சேர்ந்து, கடன் 5.4 இலட்சமாகி நிற்கும். அதனை 10 ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய் செலுத்த வேண்டும். முதல் ஊதியம் 15,000 ரூபாய் எனில், அதில் பாதி தவணைக்கே போய்விடும். 25,000 எனில் கால் பங்கைவிடச் சற்று மிகும். படிக்கும்போதே வட்டியைச் செலுத்தி வந்தால் தவணை ஏறக்குறைய 5,300 ரூபாயாகக் குறையும்.

தவணை முதல் ஊதியத்தில் கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. அந்த முதல் ஊதியத்தை எப்படி அறிவது? கல்லூரி தரும் வேலைவாய்ப்புக் கையேட்டை நம்ப வேண்டா. சென்ற ஆண்டு அங்கே படித்து முடித்த இருவரைக் கேளுங்கள்.

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016இல் ஒரு குழுவை அமைக்குமாறு ஆணையிட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவை அரசுச் செவிலியருக்கு இணையாக வழங்க வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. அது எல்லா இடங்களிலும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே பரிந்துரைத்த தொகையை வைத்துக் கணக்குப் போடாமல், உங்கள் ஊரில் உண்மையில் தரப்படும் தொகையை வைத்துக் கணக்குப் போடுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட வேண்டா.

அரசுப் பணியும் அயல்நாடும்

தமிழக அரசின் செவிலியர்கள் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே தெரிவு செய்யப்படுகின்றனர். தொடக்கத்தில் தொகுப்பூதியம், காலமுறை ஊதியத்துக்குக் காத்திருக்க வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனைகளில் செவிலிய அலுவலரின் தொடக்க அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக் குழுவின்படி 44,900 ரூபாய். அத்தேர்வை எழுத பி.எஸ்சி. போதும்; ஜி.என்.எம். முடித்தவருக்கு, 50 படுக்கைகளேனும் உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும்.

அயல்நாட்டு வேலைக்கும் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கப்படுகிறது. அதற்கு மேல் ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழித் தேர்ச்சி, பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வும் செய்முறைத் தேர்வும் என்று தனிச் செலவுகள் உண்டு. குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பணி 2015 முதல் அரசு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அயல்நாட்டு ஊதியம் படித்து முடித்து மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தே வரக்கூடியது. கல்விக் கடனை அதை நம்பி வாங்கலாகாது.

நோயாளி உள்ள வீட்டுக்கு

உங்கள் வீட்டுக் கணக்கில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வரியும் உண்டு. அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்து வருபவர் மகளே எனில், அவர் விடுதிக்குச் சென்றபின் அப்பணியை யார் ஏற்பது? வாடகை வண்டிக்கும் துணைக்கும் ஆகும் தொகையையும் அதே தாளில் எழுதுங்கள். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் ஜி.என்.எம். படித்து, வேலை பார்த்துக்கொண்டே சேமித்து, பின்னர் பட்டம் பெறுவது சில குடும்பங்களுக்கு ஏற்ற வழியாக இருக்கும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். "வீட்டில் நோயாளி இருக்கிறார், பெண் நர்ஸ் ஆனால் பார்த்துக்கொள்வாள்" என்ற எண்ணத்தில் மட்டும் சேர்க்க வேண்டா. இரவுப் பணி, நெடுநேரம் நிற்றல், இறப்பை அருகிலிருந்து பார்த்தல் ஆகியவை இத்தொழிலில் உண்டு. இவற்றை அறிந்தபின்னும் அவர் விரும்புகிறாரா என்பதை அவரிடமே கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன், கல்லூரியின் பெயரையும் செலவுத் தாளையும் எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வாருங்கள். டயாலிசிஸ் நடக்கும் அந்த 4 மணி நேரத்தில் எங்கள் மூத்த செவிலியர்களிடம் காட்டிக் கேட்கலாம். தங்கள் கடனை எத்தனை ஆண்டுகளில் அடைத்தார்கள் என்பதையும் அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.