உஷார்! ஸ்டேஷன் படியில் கரைவேட்டி

தேனி மாவட்டம் கம்பத்தில் பைக் களவு போனாலும் சரி, திராட்சை வாங்கிய வியாபாரி பணம் தராமல் இழுத்தடித்தாலும் சரி, நம்மவர்கள் முதலில் ஓடுவது ஸ்டேஷனுக்கு இல்லை, கவுன்சிலர் வீட்டுக்கு. ஸ்டேஷனுக்குப் போன பிறகும் மனுவுக்கு முன்னால் செல்போனைத்தான் நீட்டுகிறோம். “சார், அண்ணன் லைன்ல இருக்காரு, ஒரு வார்த்தை பேசிருங்க.” ஏட்டு போனை வாங்கிக் காதில் வைக்கிறார். “சரிங்கண்ணே... பாத்துக்கிறேண்ணே...” அதே நேரத்தில் எதிராளியும் வேறொரு அண்ணனைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். எந்த அண்ணன் பெரிய அண்ணன் என்பது தெரிந்ததும், “பேசி முடிச்சுக்கங்கப்பா” என்று இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எஃப்ஐஆரும் கிடையாது, ரசீதும் கிடையாது.

இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்தவர்கள் டீக்கடையில் ஒரு யோசனை சொல்கிறார்கள்: போலீஸை மேற்பார்வை பார்க்கிற ஆளையும் நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 2012 நவம்பரில், லண்டன் நீங்கலாக 41 போலீஸ் வட்டாரங்களுக்கு மேற்பார்வைக் கமிஷனர்களைத் தேர்தல் வைத்து எடுத்தார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 15 சதவீதம். நியூபோர்ட் நகரத்தில் ஒரு வாக்குச்சாவடியில் நாள் முழுக்க ஒரு ஓட்டுகூட விழவில்லை. அந்த முதல் தேர்தலில் கட்சி சாராத 12 பேர் ஜெயித்தார்கள். 2016-ல் அது 3 ஆனது. 2021-ல் ஒருவர்கூட இல்லை. டெபாசிட் மட்டுமே 5,000 பவுண்டு. வட்டாரம் முழுக்கப் பிரசாரம் செய்ய ஆளும் பணமும் வைத்திருந்தது கட்சிகள்தான். மூன்றே தேர்தலில் பதவியை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் 2025 நவம்பரில் பிரிட்டன் அரசாங்கமே, 2028 மே மாதத்தோடு இந்தப் பதவியை ஒழிக்கப்போவதாக அறிவித்துவிட்டது.

கட்சிச் சின்னமே கூடாது என்று விதி போட்டுவிட்டால் போதாதா? நம் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலைப் பாருங்கள். சட்டப்படி அது கட்சி சார்பற்ற தேர்தல். சீட்டில் பூட்டு சாவியும் ஆட்டோவும்தான் இருக்கும். ஆனால் பூட்டு சாவி எந்தக் கட்சிக்காரர் என்பது காமயகவுண்டன்பட்டி பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். போலீஸ் மேற்பார்வைக்கு அப்படி ஒரு தேர்தல் வந்தால், கம்பமெட்டு வழியாகக் கஞ்சா கடத்துகிறவன் எந்த வேட்பாளருக்குச் செலவு செய்வான் என்று நான் சொல்ல வேண்டுமா?

அதற்காக இப்போது இருக்கிற ஏற்பாடு நல்லது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி அதற்குத் தலைவராக இருக்க வேண்டும். தமிழ்நாடு 2013-ல் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டிஜிபி உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர். நீதிபதி எங்கே போனார்? உள்துறைச் செயலாளர் யாருக்குப் பதில் சொல்கிறார்? ஜெயலலிதா ஆண்டபோதும் ஸ்டாலின் ஆண்டபோதும் போலீஸ் துறை முதலமைச்சர் கையில்தான் இருந்தது. போலீஸ் மீது புகார் என்றால் போலீஸை வைத்திருக்கிற அரசிடமே போய் நிற்க வேண்டும். தேர்தல் இல்லாமலே கட்சி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது; அவ்வளவுதான் வித்தியாசம்.

2020-ல் சாத்தான்குளத்திலும் 2025-ல் மடப்புரத்திலும் போலீஸ் பிடித்துச் சென்றவர்களின் உயிர் போனபோது நீதி விசாரணையை முடுக்கிவிட்டது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நம் தேனி மாவட்டத்துக்கும் அதே கிளைதான். போலீஸைக் கண்காணிக்கக் கட்சிச் சின்னத்தில் வந்தவரும் வேண்டாம், கட்சிக்குப் பதில் சொல்கிற அதிகாரியும் வேண்டாம். உச்ச நீதிமன்றம் சொன்னபடி நீதிபதியை உட்கார வையுங்கள் என்று, ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு கட்சியிடமும் கேளுங்கள்.

அதுவரை உஷார். புகாரை நீங்களே எழுதி, நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, நேரே ஸ்டேஷனில் கொடுங்கள். புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்பது 2013-ல் லலிதா குமாரி வழக்கின் தீர்ப்பு. எஃப்ஐஆர் போட்டால் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவைச் சொல்லி, தேனி எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் அசையவில்லையா, மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். அண்ணனுக்கு மட்டும் போன் போடாதீர்கள். இன்றைக்கு உங்களுக்காகப் பேசுகிற அண்ணன் நாளைக்கு உங்கள் எதிராளிக்காகவும் பேசுவார்.