கோணமாமலையில் ஒரு நாள் நடை

திருகோணமலைக்குப் போய்வருவோர் பலர். திருகோணமலையைக் காண்போர் சிலரே. கோணேசர் சந்நிதியிலே கற்பூரங் கொளுத்திவிட்டு, கன்னியாவின் ஏழு கிணற்று வெந்நீரை வார்த்துக்கொண்டு, நிலாவெளிக் கடலிலே கால் நனைத்துத் திரும்புவதே பெரும்பாலாரின் வழக்கம். இவை வேண்டாமென்பது நம் கருத்தன்று. ஆயினும், ஒரு நாள் முழுவதையும் நகரத்துக்குள்ளேயே, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே கழிக்கத் துணியும் குடும்பத்துக்கு இவ்வூர் வழங்கும் செல்வம் வேறு.

நடப்பதற்கென்றே அமைந்த நகரம் இது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே உள்துறைமுகம், இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய நிலம். காலையில் ஒரு நீரிலே ஞாயிறு எழுவதையும், மாலையில் மற்றைய நீருக்கு அப்பாலுள்ள குன்றுகளிலே அது மறைவதையும் வாகன உதவியின்றியே கண்டு களிக்கலாம். வெயில் ஏறுமுன் புறப்படுதல் நன்று. தண்ணீர், குடை, மாணவராயின் ஒரு குறிப்புப் புத்தகம், இவை போதும்.

கோட்டை வாயில்

நடையைக் கோட்டை வாயிலிலே தொடங்குதல் பொருத்தம். பிரெடரிக் கோட்டை என்று இன்று வழங்கும் இதனை முதலிற் கட்டியவர் போர்த்துக்கேயர். தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, 1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்திலே கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இக்கோட்டையை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் பிடிக்க, அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் அவர்களை வெளியேற்றினர். பின்னர் மீண்டும் ஒல்லாந்தரிடம் சேர்ந்த கோட்டை, 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயர் 1803இல் சூட்டப்பட்டது.

இத்தனை கொடிகள் மாறிய வாயிலிலே, ஒரு கல்லின் முன் பிள்ளைகளை நிறுத்துங்கள். இணைக் கயலும் தமிழ் எழுத்துக்களும் பொறித்த கல் அது. சில எழுத்துக்கள் சிதைந்துவிட்டன. குளக்கோட்டன் செய்த திருப்பணியையும், பிற்காலத்திற் பறங்கியர் வருகையையும் பற்றி எஞ்சிய வரிகள் பேசுகின்றன. ஆலயத்தை இடித்தவர்களின் கோட்டை வாயிலிலே, அந்த ஆலயத்தின் பெருமையைக் கூறும் கல் நிற்கிறது! சுவருக்கு வேண்டிய கல்லாக மட்டுமே அதனை அவர்கள் கருதினார்கள் போலும்.

கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் உண்டு. ஆகவே பாதையை விட்டு விலகாது செல்லுதல் வேண்டும். வழியிலே புள்ளிமான்கள் மனிதரை அஞ்சாது மேய்வது சிறுவருக்குப் பெருங்களிப்பு. வெலிங்டனின் பெயரால் வழங்கும் பழைய வீடும் இங்கேதான் உள்ளது. அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்த ஆதர் வெல்லெஸ்லி, 1800ஆம் ஆண்டின் இறுதியில், படை நடத்தும் பணி பூண்டு திருகோணமலைக்கு வந்தார். 1815இல் வாட்டர்லூவிலே நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன் அவரே.

சுவாமி மலை

குழந்தைகளோடு மெல்ல ஏறினால் அரைமணி நேரத்தில் மலையுச்சியை அடையலாம். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியருளினார். அவர் கடல் கடந்து வரவில்லை. பாரதக் கரையிலிருந்தே பாடினார் என்பது மரபு. இராவணன் வெட்டு எனப்படும் மலைப்பிளவை எட்டிப் பார்க்கும்போது, கீழே அலை மோதும் ஓசையே அப்பதிகத்துக்கு உரை சொல்வது போலிருக்கும்.

இங்கே மாணவர் அறியவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்று பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் நினைவாக இம்மலையில் நிறுவப்பட்டது. காதலன் கப்பலேறிச் சென்றதைக் கண்டு அவள் மலையிலிருந்து பாய்ந்து உயிர் துறந்தாள் என்பது கதை. ஒல்லாந்தரின் பதிவேடுகளோ அவள் பின்னர் மணம் முடித்து வாழ்ந்தாள் என்கின்றன. கதை எது, சான்று எது என்று பிரித்தறியும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும்?

ஆலயத்தின் கதையோ சான்றுகளாலேயே வியப்பூட்டுவது. ஆலயம் இடிபட்ட காலத்திலே சில திருவுருவங்களை அடியவர் மண்ணிற் புதைத்து மறைத்தனர் என்று பரம்பரையாகக் கூறிவந்தனர். 1950ஆம் ஆண்டு, கோட்டைக்கு அண்மையிற் கிணறு தோண்டியபோது, சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலிலே மூழ்கி, பழைய ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். புதிய ஆலயத்துக்கு 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் மலையிற் கோயில் இல்லை. ஆயினும் கோணேசர் இங்கே இருக்கிறார் என்ற எண்ணம் ஒரு தலைமுறையிலும் அறுந்துபோகவில்லை. தாயும் தகப்பனும் பிள்ளைக்குச் சொல்லிவைத்தது அது.

மைதானமும் மயானமும்

மலையிறங்கி வந்தால், கோட்டைக்கு எதிரே மைதானமும், அதற்கு அண்மையிலே வண்ணச் சிற்பங்கள் செறிந்த பத்திரகாளி அம்பாள் கோயிலும் உள்ளன. அம்பாளை வணங்கி, நிழலில் இளைப்பாறலாம்.

அப்பகுதியிலுள்ள பழைய ஆங்கிலேய மயானத்தை ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் தவறவிடலாகாது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852இல் பர்மாவின் ஐராவதி நதியிலே நோயுற்று இறந்து, இங்கே அடக்கம் செய்யப்பட்டார். நாவலென்றால் நமக்கும் இவ்வூரில் உரிமை உண்டு. தமிழின் முதல் வரலாற்று நாவலென்று பலரும் போற்றும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்ட த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையிற் பிறந்தவர். 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர் இவ்வூர் இந்துக் கல்லூரியிற் பணியாற்றினார். மதிய உணவின்போது இவற்றைப் பேசிக்கொள்ளலாம்.

மாலையில் இரு கரைகள்

வெயில் தணிந்ததும் உள்துறைமுகக் கரைக்கு நடந்து செல்லுங்கள். மலைகள் சூழ்ந்த ஆழ்நீர். பெருங்கப்பல்களும் அலையின்றி நிற்கலாம். ஐரோப்பியர் இவ்வூருக்காக ஏன் இத்துணை போரிட்டனர் என்ற வினாவுக்கு விடை இந்நீரே. மழைக்காலப் புயலிலே கப்பல்களுக்குப் பாதுகாப்பான இயற்கைத் துறை சோழமண்டலக் கரையில் இல்லை. சென்னைக்கு முன்னே கப்பல்கள் திறந்த கடலிலேதான் நங்கூரமிட்டன. திருகோணமலையோ எக்காலத்தும் அடைக்கலம் தந்தது. அப்பெருமையே துன்பத்தையும் அழைத்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. ஆங்கிலேயக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஞாயிறு மறைந்தபின், மீண்டும் கிழக்கே நடந்து டச்சுக்குடாக் கடற்கரையை அடைந்தால், ஊரே அங்கு கூடியிருக்கும். கச்சான் கொறிப்போர், பந்தாடுவோர், பேரப்பிள்ளையை அலைக்கு அறிமுகம் செய்யும் முதியோர் எனத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே காற்றை வாங்குகின்றனர். இந்தக் காட்சி எளிதிற் கிடைத்ததன்று. 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, இதே கரையிலே, காந்தியடிகளின் சிலைக்கு அருகில், நண்பர்களோடு காற்று வாங்க வந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். வழக்கிற் குற்றஞ் சாட்டப்பட்டவர்கள் 2019இல் விடுதலையாயினர், எவரும் தண்டிக்கப்படவில்லை.

வளர்ந்த பிள்ளைகளுக்கு இதனையும் சொல்ல வேண்டும். அச்சமூட்டுவதற்காக அன்று. மாலையிற் கடற்கரைக்குப் போய் நலமாக வீடு திரும்புவது எத்துணைப் பெரிய பேறு என்பதை அவர்கள் அறிவதற்காக. அந்த ஐவரும் பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கனவு கண்டவர்கள் என்பதை மறவாதிருப்பதற்காக. சிலையருகே சற்று நின்று, பிறகு பிள்ளைகளோடு வீடு திரும்புங்கள்.